கல் டாலர் செய்யும் கிட்: குறடுக்குக் காசு கொடுக்கலாம், கல்லுக்கு வேண்டாம்

பற்றவைக்கும் பொடி வைத்து ஊதாமல், அடுப்பு மூட்டாமல், வெறும் கம்பியைச் சுற்றியே கல்லைப் பிடித்து நிறுத்தும் டாலருக்கான ஆரம்ப கிட், ஆன்லைனில் பல பெயரில் வருகிறது. பெயரும் அட்டைப்பெட்டியும் மாறினாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: வெள்ளி முலாம் பூசிய செப்புக் கம்பி தடிமன் ஒன்று, மெலிவு ஒன்று, குறடு மூன்று, அடி தட்டையாகவும் மேலே குவிந்தும் உள்ள கற்கள் ஆறு, வளையங்கள், கறுப்புக் கயிறு, ஒரு தாள். விலை ஆயிரம் ரூபாயைச் சுற்றி. குறடுகளும் மெல்லிய கம்பியும் அந்தப் பணத்தில் பெரும்பங்குக்கு ஈடு. கல்லும் செய்முறைத் தாளும் இல்லாமலே இருந்திருக்கலாம்.

முதலில் கம்பி. சுருளின் மேல் ‘20 கேஜ்’, ‘28 கேஜ்’ என்றுதான் அச்சிட்டிருக்கிறது. எந்த அளவுமுறை என்று இல்லை. காலிப்பரில் வைத்தால் 0.8 மி.மீ., 0.32 மி.மீ. அதாவது அமெரிக்க முறை. நம்மூரில் கம்பி விற்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் முறையான எஸ்.டபிள்யூ.ஜி.யில். கிட் கம்பி தீர்ந்து, நாகர்கோவிலில் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடையிலோ திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலோ போய் ‘20 கேஜ்’ என்று கேட்டால் 0.91 மி.மீ. கம்பி கைக்கு வரும். பத்தில் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் வளைவதற்குக் காட்டும் எதிர்ப்பு விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும், 0.91 கம்பி 0.81 கம்பியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விறைப்பு. கல்லின் ஓரத்தில் அதை மடக்கப் பார்த்தால் கல்தான் நகரும். கடையில் 21 எஸ்.டபிள்யூ.ஜி. கேளுங்கள், சரியாகப் பொருந்தும். அதைவிட நல்லது, கேஜை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் கேட்பது.

முலாம் மெல்லியது. அரத்தால் நுனியை ஒரு இழுப்பு இழுத்தால் உள்ளே செம்பு தெரிகிறது. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே இரும்பு இல்லை. அந்த மட்டில் நேர்மையான பொருள்தான். ஆனால் குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றிலும் கழுத்து வியர்வையிலும் இந்த முலாம் நெடுநாள் தாங்காது. முதலில் தேய்வது கயிறு உரசும் கொக்கி, அடுத்து பின்பக்கம். செம்பு வெளியே வந்ததும் தோலில் பச்சைக் கறை படியும். விற்பதற்குச் செய்கிறவர்கள் முலாம் கம்பியைப் பழகுவதற்கு வைத்துக்கொண்டு, விற்கும் டாலரை வெறும் செம்பிலோ வெள்ளியிலோ செய்வதே கௌரவம். செம்பு மலிவு என்று மோட்டார் வைண்டிங் கடைக்குப் போய்விட வேண்டாம். அந்தக் கம்பியின் மேல் எனாமல் பூச்சு உண்டு. குறடு பட்ட இடத்தில் உரிந்து திட்டுத்திட்டாகும், பழைய நகைத் தோற்றத்துக்காகக் கறுக்க வைக்கவும் விடாது.

குறடுகள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கின்றன. உருண்டை மூக்குக் குறடின் நுனி மெலிவாக இருப்பதால் சின்னச் சுருள் வரும். தட்டை மூக்கின் உள்பக்கம் பல் இல்லாமல் வழவழப்பு; கடைகளில் கிடைக்கும் எலக்ட்ரீஷியன் பிளையரில் பல் இருக்கும், மெல்லிய கம்பியில் வரிவரியாகத் தழும்பு விழும். கட்டர்தான் பலவீனம். வெட்டிய முனை ஒரு பக்கம் கூம்பாக வருகிறது. கட்டரின் தட்டையான முதுகு டாலரைப் பார்த்தபடி வைத்து வெட்டினால் கூம்பு கழிவோடு போய்விடும். இந்தக் கட்டரால் எஃகுக் கம்பியை வெட்டினால் வாயில் பள்ளம் விழும், பிறகு செப்புக்கும் உதவாது.

கற்களைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ‘டர்க்காய்ஸ்’ என்று இருப்பது ஹௌலைட் எனும் வெள்ளைக் கல்லில் சாயம் ஏற்றியது. நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் பஞ்சு நீலமாகிறது. ‘மூன்ஸ்டோன்’, அதாவது சந்திரகாந்தக் கல், என்று இருப்பது ஓபலைட் எனும் கண்ணாடி. கறுப்புத் துணியில் வைத்தால் நீலமாக மினுங்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆரஞ்சாகத் தெரியும். இரண்டு அகேட் மட்டும் அசல். பழகுவதற்குக் கண்ணாடி தவறில்லை, ஆனால் அதைச் சந்திரகாந்தக் கல் என்று நம்பி வாங்குகிறவரிடம் அப்படியே விற்றால் பெயர் கெடும். காங்கேயம் வட்டாரத்தின் அசல் சந்திரகாந்தக் கல் தேடினால் கிடைக்கும். அதன் கடினம், கற்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில், 6 முதல் 6.5. இரண்டு திசையில் பிளவுபடும் குணம் உள்ளதால் குறடால் அழுத்தினால் ஓரம் சில்லாகப் பெயரும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு அகேட்டும் ஸ்படிகமும்தான் தோது. கடினம் 7-ஐ ஒட்டியிருக்கும், பிளவும் இல்லை. கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகளின் சிப்பி வில்லைகளும் அழகுதான். புளி, எலுமிச்சை அவற்றின் மேல் படக்கூடாது, புளிப்பு சிப்பியை அரிக்கும்.

இனி அந்தத் தாள். 30×20 மி.மீ. முட்டை வடிவக் கல்லுக்கு 20 செ.மீ. கம்பி வெட்டச் சொல்கிறது. கல்லின் சுற்றளவே 8 செ.மீ. மீதி பக்கத்துக்கு 6 செ.மீ. கொக்கி ஒரு சுற்றுக்கு 2 செ.மீ.க்கு மேல் தின்னும். கழுத்துக் கட்டு, முன்பக்கச் சுருள் இரண்டுக்கும் கம்பி எங்கே? 30 செ.மீ. வெட்டுங்கள். ஒரே அளவில் மூன்று கம்பி, 0.8 மி.மீ. நேராக்கி, ஒட்டி அடுக்கி, இரு முனையிலும் டேப் போட்டு விடுங்கள். நடுவே மார்க்கரால் ஒரு கோடு.

பின்னும் கம்பி 0.32 மி.மீ. முதல் இரண்டு கம்பியைச் சேர்த்து இரண்டு சுற்று, அடுத்து நடுக்கம்பியையும் மூன்றாவதையும் சேர்த்து இரண்டு சுற்று, மறுபடி முதலிலிருந்து. 8 செ.மீ. நிறையக் கணக்குப்படி 1.3 மீட்டர் போகும். பிடிக்க நீளம் வேண்டும், ஆகவே 2 மீட்டர். அதை ஒரு முனையிலிருந்து தொடங்கினால் நீளம் முறுக்கிக்கொண்டு மடிப்பு விழும், மடிப்பை நிமிர்த்த நிமிர்த்த அந்த இடம் விறைத்து அறும். நடுக்கோட்டிலிருந்து தொடங்கி, பக்கத்துக்கு ஒரு மீட்டராக வேலை செய்தால் இந்தத் தொல்லை பாதி. நாலைந்து வரிசைக்கு ஒருமுறை விரல் நகத்தால் நெருக்கித் தள்ளிக்கொண்டே போகவேண்டும். பிறகு நெருக்கிக்கொள்ளலாம் என்று விட்டால், வளைத்தபின் இடைவெளி வாயைப் பிளக்கும்.

பின்னிய பட்டையைக் கல்லைச் சுற்றி விரலால் வளையுங்கள், குறடால் அல்ல. சட்டம் கல்லைவிட அரை மில்லிமீட்டர் இறுக்கமாக இருக்கட்டும். இருபக்க முனைகளும் மேலே சந்திக்கும் இடத்தில் மெல்லிய கம்பியால் மூன்று நான்கு சுற்றுக் கட்டு. பின்பக்கக் கம்பியை நான்கு இடத்தில் உள்ளே தள்ளி, கல்லை உட்கார வைத்து, அதன் பிறகு முன்பக்கக் கம்பியைத் தட்டை மூக்கால் கல்லின் குவிவின் மேல் நாலு மூலையிலும் சிறிதாகச் சாய்க்க வேண்டும். ஒரே இடத்தில் முழுவதும் சாய்த்துவிட்டு அடுத்ததற்குப் போனால் கல் எதிர்ப்பக்கம் எழும்பும். எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக. முடிந்ததும் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். கடகடத்தால் கீழ்ப்பகுதிதான் காரணம், மேல் கட்டை இறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது.

கொக்கியைச் சுற்றி வளைக்க 6 மி.மீ. தடிமனுள்ள எதுவும் போதும். குறைந்தது இரண்டு கம்பி சேர்ந்து அதில் போகட்டும். ஒற்றைக் கம்பிக் கொக்கி விரிந்துவிடும். மிச்ச முனைகளை முன்னே சுருளாகவோ பின்னே பின்னலுக்குள் செருகியோ முடிக்கலாம். செருகிய முனையை அரத்தால் மழுக்காமல் விட்டால் கசவுப் புடவையில் ஒரு இழை மாட்டினாலே போதும், வாங்கினவர் மறுபடி வரமாட்டார்.

கம்பி பாதியில் விறைத்துப் போனால்? வெறும் செம்பென்றால் மங்கிய சிவப்பு வரும்வரை கேஸ் தீயில் காட்டித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும், மேலே படியும் கறுப்பைப் புளியால் தேய்க்கலாம். கல் வைப்பதற்கு முன் மட்டும். முலாம் கம்பியைத் தீயில் காட்டினால் வெள்ளி செம்போடு கலந்து நிறம் போய்விடும். ஆகவே கிட் கம்பிக்கு இந்த வைத்தியம் கிடையாது, நிதானமாகப் பின்னுவதுதான்.

பழைய நகைத் தோற்றம் வேண்டுமென்றால் வேகவைத்த முட்டையை நசுக்கி மூடியுள்ள டப்பாவில் போட்டு, முட்டையில் படாமல் டாலரையும் வைத்து மூடுங்கள். சில மணி நேரத்தில் கந்தக வாயு செம்பைக் கறுக்க வைக்கும். மேடுகளை நைசான ஸ்டீல் வூலால் தேய்த்தால் பின்னல் எழுந்து தெரியும். கறுக்காது எனச் சொல்லி விற்கும் கம்பியில் அரக்கு போன்ற பூச்சு இருப்பதால் முட்டை வேலை செய்யாது. முலாம் கம்பி கறுக்கும், ஆனால் தேய்த்தால் வெள்ளியும் சேர்ந்து போகும்.

வளையங்கள் மெலிவு, வாய் சரியாகச் சேரவில்லை. இரண்டு குறடால் பிடித்து ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் திருகி மூடுங்கள், விரித்து மூடினால் வட்டம் கோணிவிடும். கயிறு நனைந்தால் சாயம் விடுகிறது, வெள்ளைத் துணிமேல் அணியக் கொடுக்காதீர்கள்.

குறடு ஏற்கனவே கையில் உள்ளவர்கள் கிட் வாங்க வேண்டியதில்லை: 0.8 செப்புக் கம்பி பத்து மீட்டர், 0.3 இருபது மீட்டர், அகேட் வில்லை நாலு, ஒரு சின்ன அரம் தனித்தனியாக வாங்கினால் செலவு குறையும், கல்லும் அசலாக இருக்கும். ஒன்றுமே கையில் இல்லாமல் தொடங்குகிறவர்கள் வாங்கலாம்; அந்தத் தாளை மட்டும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு.