வன்னியில் உளவளத்துணை மேற்படிப்பு: பட்டப்பின் டிப்ளோமாவா, முதுமாணியா, சமூகப்பணியா, வெளிநாடா?

பாடசாலையிலோ பிரதேச செயலகத்திலோ வேலை பார்த்துக்கொண்டே உளவளத்துணையில் (கவுன்சலிங்) மேலே படிக்க நினைக்கும் பட்டதாரிக்கு முன்னால் நான்கு வழி இருக்கிறது: வாரஇறுதிப் பட்டப்பின் டிப்ளோமா, ஆய்வோடு கூடிய முதுமாணி, சமூகப்பணி முதுமாணி, வெளிநாட்டுப் பட்டம். எது பெரிய பட்டம் என்று பார்த்துத்தான் பலரும் சேருகிறார்கள். அதற்கு முன்னால் கேட்கவேண்டியது வேறு: படிக்கும் காலத்தில் உண்மையான துணைநாடிகளோடு, அதாவது உதவி தேடி வருகிறவர்களோடு, எத்தனை மணித்தியாலம் இருப்பீர்கள்? அந்த வேலையை யார், எந்த மொழியில் மேற்பார்வை செய்வார்? இதற்குத் தெளிவான பதில் தராத கற்கைநெறி எந்த மட்டத்தில் இருந்தாலும் கிளிநொச்சியில் அழுதுகொண்டு வரும் ஒரு பிள்ளைக்கு உதவாது.

மட்டமும் மணித்தியாலமும்

இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம், குறைந்தது 25 கிரெடிட். பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், 60 கிரெடிட். அதில் 15 ஆய்வுக்கு. ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல்; ஆய்வுக் கிரெடிட்டானால் குறைந்தது 100. ஆகவே டிப்ளோமா 1250 மணித்தியாலம், 10ஆம் மட்ட முதுமாணி 3750. விரிவுரை, வாசிப்பு, ஒப்படை எல்லாம் இதற்குள் அடக்கம். துணைநாடியோடு எத்தனை மணித்தியாலம் என்று கட்டமைப்பு சொல்வதில்லை. அதைக் கற்கைநெறிதான் வைக்கவேண்டும். கற்கைநெறிக் கையேட்டில் அந்த எண் இல்லாவிட்டால் ஒருங்கிணைப்பாளரிடம் நேரே கேளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் அமெரிக்க உளவளத்துணைக் கல்வியின் தர அங்கீகார விதியை எடுக்கலாம். அங்கே முதுமாணிக்கு 100 மணித்தியாலச் செய்முறை, அதில் 40 நேரடியாகத் துணைநாடிகளோடு. அதன்பின் 600 மணித்தியால உள்ளகப் பயிற்சி, அதில் 240 நேரடி. வாரத்துக்குச் சராசரியாக ஒரு மணித்தியாலத் தனி மேற்பார்வை, ஒன்றரை மணித்தியாலக் குழு மேற்பார்வை.

நேரடி வேலை மட்டும் 280 மணித்தியாலம். 40 நிமிடப் பாடவேளையில் சொன்னால் 420 பாடவேளை. வாரத்துக்கு எட்டுப் பாடவேளை உங்களுக்கென ஒதுக்கினாலும் 52 வாரத்துக்கு மேல் போகும். பாடசாலை வருடமோ ஏறக்குறைய 40 வாரம். எட்டில் இரண்டு ரிலீவுக்கு (வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்க்க) போனால் 70 வாரம். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரின் நேரசூசியில் முதலில் பறிபோவது இந்தப் பாடவேளைகள்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரே வருடத்தில் முடிகிற எந்த வாரஇறுதிக் கற்கையும் இந்த அளவை எட்டுவது கடினம். எட்டாததைக் குற்றமாக எடுக்கவேண்டாம். பாதியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

வாரஇறுதிப் பட்டப்பின் டிப்ளோமா

பாடசாலையில் இருப்பவருக்கு இதுவே நல்ல தெரிவு, மேற்பார்வை தமிழில் கிடைத்தால். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 65 கிலோமீற்றர்; சனிக்கிழமை காலை போய் இரவு வீடு வரலாம். கொழும்பென்றால் வெள்ளி இரவு பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை நித்திரையில்லாமல் வகுப்பில் நிற்கவேண்டும். மூன்றாம் மாதத்தில் வரவு குறையத் தொடங்கும், கடைசியில் ஒப்படைகள் தேங்கும். முல்லைத்தீவிலிருந்து போகிறவர்கள் இதை இரட்டிப்பாக யோசிக்கவேண்டும்.

நல்ல மேற்பார்வை எப்படி இருக்கும் என்பதை ஓர் உரையாடல் பதிவில் காட்டலாம். பயிலுனர் தாளை மூன்று நிரலாகப் பிரிக்கிறார்: துணைநாடி சொன்னது, தான் சொன்னது, அந்த நேரம் தன் மனதில் ஓடியது. ஒன்பதாம் தரப் பிள்ளை சொல்கிறாள்: "அம்மா சவூதியில. அம்மம்மா எந்த நேரமும் ஏசுவா." பயிலுனர் பதில்: "அம்மம்மா உங்கட நல்லதுக்குத்தானே பிள்ளை ஏசுறா." மூன்றாம் நிரலில்: "பிள்ளை அழப்போகிறாள் என்று பயந்தேன்." மேற்பார்வையாளர் இரண்டாம் நிரலில் கோடு போட்டு, பிள்ளை வாயை மூடிய இடம் இதுதான் என்று காட்டுவார். "அம்மம்மா ஏசேக்க உங்களுக்கு எப்பிடி இருக்கும்?" என்று கேட்டிருந்தால் அடுத்த வரி என்னவாக வந்திருக்கும் என்று பேசுவார். பிறகு மூன்றாம் நிரலுக்கு வந்து, அழுகையைக் கண்டு ஏன் பயம் என்று கேட்பார். இந்த ஒரு பக்கத்தில் நடக்கும் கற்றல் பத்து விரிவுரையில் கிடைக்காது. ஆனால் பதிவு தமிழில் எழுதப்பட்டு, தமிழ் தெரிந்தவர் வாசித்தால்தான் இது நடக்கும். ஆங்கிலத்தில் மாற்றி எழுதிக் கொடுக்கும்போது பயிலுனர் தன்னையறியாமலே வசனங்களைத் திருத்திவிடுகிறார். பிழை விட்ட இடம் மறைந்துபோகிறது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். தகைமைக் கட்டமைப்பில் சாதாரண டிப்ளோமா 3ஆம் மட்டம், உயர் டிப்ளோமா 4ஆம் மட்டம். பட்டப்பின் டிப்ளோமாவோடு இவற்றுக்குச் சம்பந்தமில்லை. என்றாலும் தமிழ்மொழி மூலம், களப்பயிற்சியோடு நடக்கும் 3ஆம் மட்ட டிப்ளோமா ஒன்று, செய்முறை இல்லாத 8ஆம் மட்டத்தைவிட ஆளை நன்றாக உருவாக்கும். அடிப்படைத் திறன் இல்லாமல் மேலே தாவுவதைவிட, முதலில் அதை முடித்துவிட்டுப் போவது நல்லது.

ஆய்வோடு கூடிய முதுமாணி

விரிவுரையாளராகவோ ஆசிரிய ஆலோசகராகவோ போக விரும்புகிறவருக்கு இது தேவை. பாடசாலை அறையில் இருந்து வேலை செய்ய நினைக்கிறவருக்கு இது முதற்படி இல்லை. பலர் நின்றுபோவது ஆய்வில்தான். ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வரவே மாதங்கள் செல்லும்; பிள்ளைகளிடம் தகவல் எடுப்பதானால் பெற்றோரின் சம்மதமும் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். ஆங்கில வினாக்கொத்தைத் தாங்களே தமிழாக்கி, சரிபார்க்காமல் பயன்படுத்தினால் முடிவுரை நிற்காது. சேரத்தான் வேண்டுமென்றால் தலைப்பை முதல் அரையாண்டிலேயே முடிவெடுத்து, தமிழில் ஏற்கெனவே செல்லுபடியாக்கப்பட்ட (சோதித்துச் சரிபார்க்கப்பட்ட) வினாக்கொத்தைத் தேடுங்கள். நேர்காணல் ஆய்வானால் பத்துப் பன்னிரண்டு பேரோடு நிறுத்தி ஆழமாகச் செய்யுங்கள்.

சமூகப்பணி முதுமாணி

கிராமத்தில் வேலை செய்கிற உளவளத்துணை உத்தியோகத்தருக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் சமூகப்பணியில் இளமாணியும் முதுமாணியும் நடத்துகிறது. இதில் களப்பணி பாடத்திட்டத்தின் முதுகெலும்பு. அறைக்குள் ஒருவரோடு பேசுவதற்கு அப்பால் குடும்பம், கடன், காணி, சட்டம், அலுவலகம் எல்லாம் இதற்குள் வரும்.

வன்னிக்கு இது ஏன் பொருந்துகிறது? காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். இறப்பை ஏற்றுக்கொள்ளும் படிநிலைகளை மட்டும் படித்த உளவளத்துணையாளர் அங்கே இருக்கும் ஒரு தாயிடம் போய் "ஏற்றுக்கொள்ளுங்கோ" என்பார். தாய் அடுத்த முறை கதவைத் திறக்கமாட்டார். பவுலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் தெளிவற்ற இழப்பு என்று விளக்கியது இதைத்தான்: ஆள் இல்லை, ஆனால் போய்விட்டார் என்ற உறுதியும் இல்லை. இங்கே முடிவை வற்புறுத்தாமல், இரண்டு நினைப்போடும் வாழ உதவுவதே வேலை. அதோடு அலுவலகப் பக்கமும் ஒன்று இருக்கிறது. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இறப்புச் சான்றிதழ் எடுக்காமலே காணவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெறமுடியும். கொடுப்பனவுக்காக இறப்புச் சான்றிதழில் கையெழுத்து வைக்கச் சொல்லும்போது ஒரு மனைவிக்கு என்ன நடக்கும் என்பதை உளவியல் பாடம் மட்டும் படித்தவர் கவனிக்கத் தவறலாம். களப்பணி செய்தவர் கவனிப்பார்.

இதன் குறை, தனிநபர் உளவளத்துணைத் திறன் சில நேரம் மெலிந்துபோவது. அதை நிரப்ப உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பிரச்சினை முகாமைத்துவக் கையேட்டைப் பயிலலாம்: வாரம் ஒன்றாக ஐந்து அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம், நிபுணரல்லாதவரும் மேற்பார்வையோடு செய்யக்கூடியது.

தமிழ்நாடும் ஒன்லைனும்

சென்னையில் இரண்டு வருடம் முழுநேரமாக உளவளத்துணை உளவியல் முதுமாணி படிக்கலாம். வாசிப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் துணைநாடிகள் தமிழில் பேசுவார்கள். அது பெரிய பலம். லீவும் செலவும் தடை. சேரமுன் அந்தப் பல்கலைக்கழகத்தை எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மேற்கத்தைய ஒன்லைன் பட்டம் வன்னியில் உடைவது ஒரே இடத்தில். அமெரிக்க விதிப்படி, பயிற்சித் தளத்தில் உங்களைப் பார்ப்பவருக்கு உளவளத்துணையிலோ அதோடு தொடர்புடைய துறையிலோ முதுமாணியும் குறைந்தது இரண்டு வருட அனுபவமும் வேண்டும். மாங்குளத்திலோ மடுவிலோ அப்படி ஒருவரைத் தேடிப்பிடிப்பது கடினம். பணம் கட்டியபின் இதைக் கண்டுபிடித்தால் பாடங்களை முடித்துவிட்டு உள்ளகப் பயிற்சிக்கு முன்னால் நிற்கவேண்டியதுதான். மேற்பார்வையாளரின் சம்மதக் கடிதம் கையில் வந்தபின் மட்டும் பதிவு செய்யுங்கள்.

பதிவதற்கு முன்

பட்டதாரி ஆசிரியருக்குக் கேட்கப்படும் கல்வியியல் பட்டப்பின் டிப்ளோமா வேறு. உளவளத்துணை டிப்ளோமா அதற்கு ஈடாகும் என்று நினைத்துச் சேராதீர்கள். இரண்டும் வேண்டுமென்றால் கல்வியியலை முதலில் முடியுங்கள்.

அதிபரிடமிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். வாரத்தில் எத்தனை பாடவேளை உளவளத்துணைக்கு, அவை ரிலீவுக்கு எடுக்கப்படமாட்டா, கதவு மூடக்கூடிய அறை எது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். அறையின் ஜன்னல் விளையாட்டு மைதானத்தைப் பார்த்திருந்தால் திரைச்சீலை போடவேண்டும். உள்ளே இருப்பது யார் என்று வெளியே தெரிந்தால் இரண்டாவது பிள்ளை வரமாட்டாது. தற்கொலை எண்ணமோ துஷ்பிரயோகமோ வெளிவந்தால் அன்றே யாரிடம் போவது என்பதையும் எழுதிவையுங்கள்: மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவு, பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை அலுவலர், சிறுவர் உதவிக்கு 1929, உளநல உதவிக்கு 1926. இந்தத் தாள் மேசை லாச்சிக்குள் இல்லாமல் முதல் துணைநாடியைச் சந்திக்கவேண்டாம்.