கூடலூரும் சிட்லிங்கியும்

கூடலூரிலும் சிட்லிங்கியிலும் இருப்பவை இரண்டுமே பழங்குடி மக்களுக்கான மருத்துவமனைகள்தான். தொடங்கிய விதம்தான் வேறு. நீலகிரியின் கூடலூரில் முதலில் வந்தது சங்கம். நில உரிமைக்காகப் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் எல்லாம் திரண்டார்கள். மருத்துவமனை அப்புறம்தான், 1990-ல். செவிலியர்களும் அந்தக் குடிகளின் பெண்களே. காய்ச்சலில் கிடக்கும் பாட்டியிடம் அவர் மொழியிலேயே எங்கே வலிக்கிறது என்று கேட்க ஆளிருப்பது சின்ன விஷயமா?

தருமபுரியின் சிட்லிங்கியிலோ முதலில் வந்தவர்கள் டாக்டர்கள். ரெஜி, லலிதா தம்பதி 1993-ல் ஒரு குடிசையில் ஆரம்பித்தார்கள். ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு இயற்கை விவசாயம், லம்பாடிப் பெண்களின் எம்பிராய்டரி என்று வேலை மருந்தைத் தாண்டிப் போனது.

எனக்கென்னவோ கூடலூர் வழிதான் பிடிக்கிறது. டாக்டர் மாறலாம், சங்கம் அங்கேயே இருக்கும். ஆனால் சங்கமே இல்லாத பள்ளத்தாக்கில் யாராவது முதலில் குடிசை போட்டுத்தானே ஆக வேண்டும்?