பல் நிற அடைப்பின் விளிம்பு: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

பல் நிற அடைப்பு போட்டு அனுப்பும் அன்று எல்லாமே அழகாகத்தான் இருக்கும். சில ஆண்டுகள் கழித்து அதே நோயாளி வேறொரு பல்லுக்காக வந்து வாயைத் திறக்கும்போதுதான் நம் வேலையின் தரம் தெரியும். அடைப்பைச் சுற்றி மெல்லிய பழுப்புக் கோடு ஓடியிருக்கும். எக்ஸ்ப்ளோரர் என்னும் கூரான சோதனைக் கருவியின் முனையை மெதுவாக இழுத்தால் அந்தக் கோட்டில் சிக்கி நிற்கும்.

இந்த அடைப்புக்கான பொருளான காம்போசிட் இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் சுருங்குகிறது. அந்த இழுப்புக்குப் பல்லோடு உள்ள பிடிப்பு ஈடுகொடுக்காவிட்டால் விளிம்பு விட்டுப்போகும். ஆகவே எந்தக் காம்போசிட் என்பதைவிட, பிடிப்பை எப்படி உண்டாக்குகிறோம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

காம்போசிட்டைப் பல்லோடு பிடிக்கவைக்கும் திரவமாக இப்போது பெரும்பாலும் யுனிவர்சல் பாண்டிங்தான் பயன்படுத்துகிறேன். தனியாக அமிலம் வைக்கத் தேவையில்லை என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி. பல்லின் உள்அடுக்கான டென்டினில் அது சரி. வெளியே கடினமான மேல் அடுக்கான எனாமலின் விளிம்பில் எனக்கு அது போதவில்லை. பழுப்புக் கோடு அதிகம் வந்தது அப்படிப் போட்ட அடைப்புகளில்தான். எனவே பாண்டிங்குக்கு முன் எனாமலில் மட்டும் 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 விநாடி வைத்து, நன்றாகக் கழுவி உலர்த்துகிறேன். விளிம்பு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தால்தான் அடுத்த படி. அமெரிக்கப் பல் ஆய்வாளர் புவோனோகோர் 1955-இல் எழுதிய அமில முறையின் வழிவந்ததுதான் இது. எத்தனை புதிய பாட்டில்கள் வந்தாலும் எனாமலில் அதன் இடம் போகவில்லை.

பாண்டிங்கைத் தடவிவிட்டால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். பிறகு காற்றடிக்கும்போது திரவம் அலையலையாக ஓடுவது நிற்கும்வரை விடக்கூடாது. உள்ளே தங்கும் கரைப்பான் பிடிப்பைக் கெடுக்கும். பாட்டிலை மூடாமல் வைத்துப் பேசிக்கொண்டிருக்கும் உதவியாளர்களை நான் கடிந்துகொள்வதும் அந்தக் கரைப்பானுக்காகத்தான். வெளியே அது ஆவியானால் மருந்து கெட்டியாகிவிடும்.

காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைக்கிறேன். அதை இறுகவைக்கும் லைட்டின் முனையில் பழைய காம்போசிட் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது நல்லது. அந்தச் சின்னப் பொட்டு ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதை ஒளி அளக்கும் மீட்டரில் வைத்துப் பார்த்தால் நம்பமாட்டீர்கள்.

மெருகேற்றும்போது விளிம்பையொட்டி வெள்ளைக் கோடு தெரிந்தால், அங்கே எனாமலில் நுண்ணிய விரிசல் விட்டிருக்கிறது என்று பொருள். கரடான பர்ரை (சுழலும் தேய்ப்பு முனையை) தண்ணீரில்லாமல் ஓட்டினால் இது கூடும். கடி சரிபார்த்து மெருகேற்றிய பின் விளிம்பில் மறுபடி அமிலம் வைத்துக் கழுவி, நீர்த்த ரெசினை (பிசின் திரவத்தை) மெல்லப் பூசி லைட் காட்டுகிறேன். மெல்லும் பரப்பில் அந்தப் பூச்சு தேய்ந்துதான் போகும். என்றாலும் ஓரிரு நிமிட வேலைக்கு அது தரும் பலன் அதிகம்.

இத்தனைக்கும் பிடிகொடுக்காத இடம் ஒன்று உண்டு: கடைவாய்ப் பற்களின் இடையே, ஈறுக்குக் கீழே எனாமலே இல்லாத விளிம்பு. பல்லை ஈரத்திலிருந்து பிரித்துவைக்கும் ரப்பர் டேம் என்னும் ரப்பர் விரிப்பைப் போட்டாலும் ரத்தக் கசிவு எட்டிப் பார்க்கும். அங்கே அடித்தளமாக ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் என்னும் வேறொரு அடைப்புப் பொருளை வைத்து, மேலே காம்போசிட் போடுவதையே இப்போது விரும்புகிறேன். நிறம் கொஞ்சம் மங்கலாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அவ்வளவு பின்னால் இருக்கும் பல்லுக்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை.