கையொப்பமிட்ட ஃபேன்டஸி பதிப்புகள்: எண்ணிட்ட பிரதியா, ஃபோலியோவா, தோல் அட்டையா?

ஃபேன்டஸி நாவல்களின் கையொப்பமிட்ட பதிப்புகளுக்குப் பெரிய தொகை செலவிட நினைப்பவர் முன் இன்று முக்கியமாக நான்கு வழிகள் உள்ளன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இயங்கும் சப்டெரேனியன் பிரஸ் போன்ற சிறு பதிப்பகங்கள் சில நூறு பிரதிகளை மட்டும் அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, ஆசிரியரின் கையொப்பத்தோடு விற்கின்றன. லண்டனின் ஃபோலியோ சொசைட்டி ஓவியங்கள் நிறைந்த பெரிய பதிப்புகளைக் கொண்டுவருகிறது. எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் தம் டிராகன்ஸ்டீல் நிறுவனத்தின் வழியே தம் நூல்களுக்குத் தாமே தோல் அட்டைப் பதிப்பு வெளியிடுகிறார். லண்டன் கோல்ட்ஸ்பரோ புக்ஸ் போன்ற கடைகள், பெரிய பதிப்பகங்களின் முதற்பதிப்பையே கையொப்பத்தோடும் வண்ணம் தீட்டிய பக்க விளிம்போடும் தருகின்றன. நான்கு வகையிலும் என்னிடம் நூல்கள் இருந்தாலும், சில ஆண்டுகளாக என் பணம் பெரும்பாலும் முதல் வகைக்கே போகிறது. அந்தச் சார்பு இக்கட்டுரை முழுவதும் தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாள், தையல் கட்டமைப்பு, அட்டைத் துணி, உறைப்பெட்டி ஆகியவற்றைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. கடைப் பதிப்புகளைத் தவிர மற்ற மூன்றுமே தரத்தில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. அழகு என்று பார்த்தால் ஃபோலியோவை மிஞ்சுவது கடினம் என்பதும் சேகரிப்பவர்கள் அனைவரும் ஏறத்தாழ ஒப்புக்கொண்ட செய்திதான்.

கடைப் பதிப்புகளை விரைவாகக் கடந்துவிடலாம். 1999-இல் தொடங்கிய கோல்ட்ஸ்பரோ, கையொப்பமிட்ட முதற்பதிப்புகளுக்கென்றே பெயர் பெற்ற கடை. ஒரு புதிய எழுத்தாளரின் முதல் நாவலை வெளியீட்டு விலைக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கி வைக்க இதைவிட மலிவான வழி இல்லை. அவர் பின்னாளில் பெயர் பெற்றால் இலாபம், பெறாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் மாதச் சந்தாப் பெட்டிகளாக வரும் பதிப்புகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் சிலவற்றில் கையொப்பம் பேனாவால் இடப்பட்டதாக இருக்காது, அச்சிட்டதாகவே இருக்கும். அறிவிப்பில் அதை நேர்மையாகவே குறிப்பிடுவார்கள். அவசரத்தில் படிக்காமல் விடுவது நாம்தான்.

டிராகன்ஸ்டீலின் முறை வேறு. ஒரு நாவல் வெளியாகிப் பத்து ஆண்டு நிறையும்போது அதற்குத் தோல் அட்டைப் பதிப்பு வருகிறது. 2005-இல் வந்த ‘எலான்ட்ரிஸ்’ 2015-இல் அவ்வாறு வந்தது; 2010-இல் வந்த ‘தி வே ஆஃப் கிங்ஸ்’ நூலுக்கான நிதி திரட்டல் 2020-இல் நடந்தது. பின்னதற்கு கிக்ஸ்டார்ட்டர் என்ற இணைய நிதி திரட்டும் தளத்தில் சேர்ந்த தொகை 67 இலட்சம் டாலருக்கும் மேல். நான்கு ஆண்டு கழித்து ‘வேர்ட்ஸ் ஆஃப் ரேடியன்ஸ்’ நூலுக்கான திரட்டல் 2 கோடியே 30 இலட்சம் டாலரைத் தாண்டியது. எழுத்தாளரே பதிப்பாளராகவும் இருப்பதால் அடுத்த பாகம் வருமா என்ற ஐயம் இங்கே மிகக் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் டிராகன்ஸ்டீல் மற்ற மூவரையும் விஞ்சுகிறது என்பதை மறுக்க மாட்டேன். குறை என்னவென்றால், இவை உண்மையில் வரம்புக்குட்பட்ட பதிப்புகள் அல்ல. தீர்ந்தால் மீண்டும் அச்சிடுகிறார்கள். வாசகருக்கு அது நல்ல செய்தி. மறுவிற்பனையை மனத்தில் வைத்து வாங்கியவருக்கு அவ்வளவு நல்ல செய்தியல்ல. சாண்டர்சனின் நூல்களை மீண்டும் மீண்டும் படிப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஃபோலியோவின் இடம் இன்னும் சிக்கலானது. 1947-இல் சார்லஸ் ஈட் தொடங்கிய இந்நிறுவனம், வழக்கமான பதிப்புகளோடு அவ்வப்போது எண்ணிட்ட, கையொப்பமிட்ட பெரும் பதிப்புகளையும் வெளியிடுகிறது. அவற்றில் அதிகம் பேசப்பட்டது 2022-இல் வந்த ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’. மொத்தம் 1,000 பிரதிகள். மிக விரைவில் விற்றுத் தீர்ந்தது. டோல்கீன் 1973-இலேயே மறைந்துவிட்டதால், அதில் இருப்பது ஓவியர் ஆலன் லீயின் கையொப்பம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த உலகத்துக்கு நம் மனத்தில் உருவம் கொடுத்தவர்களில் அவர் முதன்மையானவர். ஆயினும் கையொப்பத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் யாருடைய கையொப்பத்துக்குப் போகிறது என்பதை வாங்குபவர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். முழுக் கதையும் ஒரே வெளியீட்டில் கைக்கு வந்துவிடுவதுதான் இத்தகைய பதிப்பின் பெரும் பலம். காத்திருப்பு இல்லை, அடுத்த பாகம் பற்றிய கவலையும் இல்லை.

அந்தக் கவலைதான் என் முடிவைத் தீர்மானித்தது என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சிறு பதிப்பகத்தின் எண்ணிட்ட நூலைத் திறந்தால், தொடக்கத்திலோ கடைசியிலோ ஒரு தாள் மற்றவற்றைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கும். உள்விளிம்பில் விரலை ஓட்டினால், அது தனியே கொண்டுவந்து சேர்க்கப்பட்டது என்பது புலப்படும். நூல் கட்டப்படுவதற்கு முன்பே அந்தத் தாள்கள் கட்டுக்கட்டாக ஆசிரியரின் வீட்டுக்குச் சென்று, கையொப்பமாகித் திரும்பி வந்திருக்கும். மொத்தம் எத்தனை பிரதிகள் என்பது அதில் அச்சாகியிருக்க, அதன் கீழே விட்ட வெற்றிடத்தில் உங்கள் பிரதியின் எண் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். கையொப்பமிடுவதை யாரும் நேரில் பார்ப்பதில்லை என்பதால் இங்கே எல்லாம் பதிப்பகத்தின் நாணயத்தைப் பொறுத்தது. 2022-இல் பாப் டிலனின் நூலைக் கையொப்பத்தோடு 599 டாலருக்கு விற்ற பெரும் பதிப்பகம் ஒன்று, அவை இயந்திரத்தால் இடப்பட்டவை என்று வெளிப்பட்டதும் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தது. சிறு பதிப்பகங்களின் வாடிக்கையாளர் வட்டம் சிறியது. அங்கே ஒருமுறை பெயர் கெட்டால் எழுந்திருப்பது கடினம் என்பதே நமக்கான காப்பு.

ஆனால் விலையை நிர்ணயிப்பது கையொப்பத்தைவிட அந்த எண்தான். ஃபேன்டஸி என்பது பெரும்பாலும் தொடர்களால் ஆனது. முதல் பாகத்தில் 217-ஆம் எண்ணை வாங்கியவருக்கு, இரண்டாம் பாகம் வரும்போது அதே 217-ஐ வெளியீட்டு விலைக்கே வாங்கும் முன்னுரிமையைப் பதிப்பகம் தருகிறது. சேகரிப்பவர்கள் இதைச் சுருக்கமாக ‘ரைட்ஸ்’ என்பார்கள். பொது விற்பனை தொடங்கி நிமிடங்களில் தீர்ந்துபோகும் பதிப்புக்கும் இந்த உரிமை உள்ளவர் நிதானமாகப் பணம் கட்டலாம். குறித்த நாளுக்குள் கட்டவில்லையென்றால் எண் கைவிட்டுப் போகும். பிறகு யாரிடம் முறையிட்டும் பயனில்லை.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஸ்டீஃபன் கிங்கின் ‘டார்க் டவர்’ தொடரைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. ரோட் ஐலண்டைச் சேர்ந்த டொனால்ட் எம். கிராண்ட் என்ற சிறு பதிப்பாளர் 1982-இல் முதல் பாகத்தை வெளியிட்டபோது, சாதாரணப் பிரதிகள் 10,000, கையொப்பமிட்டவை 500 மட்டுமே. ஓவியங்கள் மைக்கேல் வீலனுடையவை. அடுத்தடுத்த பாகங்களில் கையொப்பப் பிரதிகளின் எண்ணிக்கை உயர்ந்தது. 2004-இல் ஏழாம் பாகத்துக்கு மீண்டும் வீலனே வரைந்து தொடர் நிறைவுற்றது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்வந்த பாகங்கள் எத்தனை அச்சானாலும், ஏழு பாகங்களும் ஒரே எண்ணில் பொருந்திய முழுச் செட் உலகத்தில் 500-க்கு மேல் இருக்கவே முடியாது. இருபத்திரண்டு ஆண்டுகளில் விற்றவை, தொலைந்தவை, பணம் கட்டத் தவறியவை, வாரிசுகள் பிரித்துக்கொண்டவை எல்லாம் கழிந்தால் மிஞ்சுவது மிகக் குறைவு. முதல் பாகத்தை வைத்திருப்பவரே முழுத் தொடருக்கும் சாவி வைத்திருக்கிறார். மற்ற ஆறு பாகங்களையும் வைத்துக்கொண்டு முதல் பாகம் இல்லாதவர் காலமெல்லாம் தேடிக்கொண்டிருப்பார்.

ஐந்து பாக நாவலின் மூன்றாம் பாகம் மட்டும் நடைபாதைக் கடையில் தூசி படிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு உதிரிப் பாகத்தின் கதி தெரியும். விலையுயர்ந்த பதிப்புகளிலும் அதே கதிதான். இழக்கும் தொகைதான் பெரிது. எண் பொருந்தாத பாகங்களைச் சேர்த்து அமைத்த செட்டுக்கும் பொருந்திய செட்டுக்கும் மறுவிற்பனையில் உள்ள இடைவெளியைப் பார்த்த பிறகு, ‘அழகாக இருக்கிறதே’ என்று நடுப்பாகம் ஒன்றைத் தனியே வாங்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

இந்த முறையின் ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது. தொடர் முடியாமல் போகலாம், அல்லது பதிப்பகம் முடிந்துபோகலாம். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ தொடரில் இரண்டுமே நேர்ந்திருக்கின்றன. அதன் முதல் இரண்டு பாகங்களின் கையொப்பப் பதிப்பை வெளியிட்டது மெய்ஷா மெர்லின் என்ற பதிப்பகம். அது 2007-இல் மூடப்பட்டது. அடுத்த பாகங்களை சப்டெரேனியன் எடுத்துக்கொண்டதால் சேகரிப்பவர்கள் தப்பினார்கள். ஐந்தாம் பாகமோ 2011-இல் வந்தது. ஆறாவதை உலகமே எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. பாட்ரிக் ராத்ஃபஸ்ஸின் முத்தொடரும் அதே 2011-இல் இரண்டாம் பாகத்தோடு நின்றுகொண்டிருக்கிறது. எழுத்தாளரை அவசரப்படுத்த வாசகருக்கு உரிமையில்லை என்ற கட்சிதான் நானும்; ஆனால் என் பணத்தை அவசரப்படாமல் வைத்திருக்க எனக்கு உரிமை உண்டு.

ஆகவே நான் கடைப்பிடிக்கும் விதி எளிது. கதையாக ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்ட தொடர், அதைச் சிறு பதிப்பகம் முதல் பாகத்திலிருந்து வெளியிடத் தொடங்கும்போது மட்டும் எண்ணிட்ட பிரதி. ஸ்டீவன் எரிக்சனின் ‘மலாசன்’ தொடர் போல, பத்துப் பாகங்களும் வாசகர் கைக்கு வந்து சேர்ந்தவை இவ்விதிக்குப் பொருந்துகின்றன. ஆசிரியரின் மௌனம் என்ற ஆபத்து அங்கே இல்லை; பதிப்பகத்தின் நிலைத்தன்மை ஒன்றை மட்டும் கணித்தால் போதும். 1995-இல் தொடங்கி இன்றும் நடக்கும் சப்டெரேனியனை அந்த வகையில் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. நேற்றுத் தொடங்கிய பதிப்பகம் பத்துப் பாகத் தொடரை அறிவித்தால், நூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டாம் பாகம் வரும்வரை நான் வெளியே நின்று பார்ப்பேன். அதற்குள் முதல் பாகத்தின் விலை ஏறிவிட்டால் அதை அந்த நிதானத்துக்கான கட்டணமாக எடுத்துக்கொள்கிறேன்.

இந்தியாவிலிருந்து வாங்குவோருக்குக் கூடுதலாகச் சில சொற்கள். 2019 பட்ஜெட்டில் இறக்குமதி நூல்களுக்கு 5 சதவீதச் சுங்க வரி விதிக்கப்பட்டது. கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் தனி. ஆனால் வரியைவிட வலிப்பது அனுப்புச் செலவு. உறைப்பெட்டியோடு கூடிய கனமான நூலுக்குச் சில நேரம் அது நூல் விலையின் கணிசமான பங்கை எட்டிவிடுகிறது. பத்துப் பாகத் தொடரில் இந்தச் செலவைப் பத்து முறை சுமக்க வேண்டும் என்பதால், இந்த ஒரு கணக்கில் ஃபோலியோ போல மொத்தமாக வரும் பதிப்பு வெல்கிறது. கடலோர நகரங்களின் ஈரக்காற்றில் தோல் அட்டையில் பூஞ்சை பிடிக்கும், தடித்த அட்டை வளையும். துணி அட்டை நூல்கள் ஓரளவு தாங்குகின்றன. சுவரை ஒட்டாத மூடிய அலமாரியும், மாதாமாதம் மாற்றும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். வெயில் நேரே படும் இடத்தில் வைத்தால் முதுகுப்பகுதியின் நிறம் மங்கும். மங்கிய நூலுக்கு விலையும் மங்கும்.

எண்ணுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் இட்டு, பெரும்பாலும் 26 அல்லது 52 பிரதிகள் மட்டும் வரும் மேல்தட்டுப் பதிப்புகளைப் பற்றி அறுதியிட்டுச் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. பிறர் வீட்டில் கையில் எடுத்துப் பார்த்ததோடு சரி. வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை. அவற்றின் விலை எண்ணிட்ட பிரதியைப் போலப் பல மடங்கு என்பதால், வாங்குவோர் கூட்டமும் அவ்வளவு சிறியது. அவசரத்துக்கு விற்க நேர்ந்தால் சரியான ஆளைத் தேடிப் பிடிப்பது எளிதாக இராது என்றே நினைக்கிறேன். அதேபோல, நான் இதுவரை விற்றவை பெரும்பாலும் தேவை மிகுந்த காலத்தில் விற்றவை. மந்தமான சந்தையில் பொருந்திய செட் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பதில் என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம்.

பிறரிடமிருந்து எண்ணிட்ட பிரதியை வாங்குவதாக இருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அடுத்த பாகத்துக்கான உரிமையும் சேர்ந்தே வருகிறதா? அந்த உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றும்படி விற்பவர் பதிப்பகத்துக்குத் தாமே எழுதுவாரா? பதிப்பகம் ஒப்புக்கொண்ட பதில் கைக்கு வந்த பிறகே மீதித் தொகையைத் தருவதாகப் பேசிக்கொள்வது நல்லது. உரிமை ஏற்கெனவே வேறொருவருக்குப் போயிருந்தால் அது உதிரிப் பாகமே. விலையையும் அதற்கேற்பத்தான் பேச வேண்டும்.