கிளிக்குக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு? தேடல் விளம்பரத்தோடு என் அனுபவம்

சோமனூரில் விசைத்தறி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "கூகுள் தேடல்ல விளம்பரம் கொடுத்தா பிரயோஜனம் இருக்குங்களா? ஒரு கிளிக்குக்குக் குறைஞ்சது எவ்வளவு ஆகும்?" (விளம்பரத்தை யாராவது அழுத்தும் ஒவ்வொரு முறையும் நாம் கட்டுகிற தொகையைத்தான் கேட்டார்.) முதல் கேள்விக்கு 'இருக்குங்க' என்று உடனே சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு என்னால் ஒரு தொகை சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் பணம் கட்டியும் சொல்ல முடியவில்லையே என்ற எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் போர்வெல் மோட்டார் உதிரிபாகம் விற்கிறவன். நோட்டீஸ், லோக்கல் சேனல், பேருந்துப் பின்பக்கம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. தேடல் விளம்பரம் மாதிரி எதுவும் வரவில்லை. மோட்டார் இழுக்காமல் நின்ற நேரத்தில் ஒருவர் தேடுகிறார். அடுத்த நிமிடம் எனக்குப் போன் வருகிறது. நேம்பிளேட்டைப் பார்த்து எச்பி, ஸ்டேஜ் எல்லாம் அவரே வாசிக்கிறார். பேரம் குறைவு, அலைச்சல் குறைவு. இந்த மாதிரி வாடிக்கையாளரைக் கூட்டி வருவதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

ஆனால் அந்த 'எவ்வளவு' என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

1998-ல் கோட்டு.காம் (GoTo.com) என்ற தேடுதளம் இந்தத் தொழிலைத் தொடங்கியபோது ஒரு தேடல் சொல்லுக்கு, கிளிக்குக்கு ஒரு சென்ட்டிலிருந்து ஏலம் கேட்கலாம். யார் எவ்வளவு கேட்டிருக்கிறார் என்பது விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே தெரியும். 2002-ல் கூகுள் கிளிக் கணக்குக்கு மாறியபோது குறைந்தபட்சம் 5 சென்ட். 2005-ல் ஒவ்வொரு கீவேர்டுக்கும் (விளம்பரம் வர நாம் தேர்ந்தெடுக்கும் தேடல் சொல்) தரத்தைப் பொறுத்துத் தனித்தனிக் குறைந்தபட்சத் தொகை வந்தது. அதைக் கட்டாவிட்டால் கீவேர்ட் செயலிழந்துவிடும். 2006-ல் லேண்டிங் பேஜ் (விளம்பரத்தை அழுத்தினால் திறக்கும் பக்கம்) சரியில்லை என்று பலருக்கு அது 5 டாலர், 10 டாலர் வரை ஏறியது. அப்போது பெரிய கூச்சல். 2008-ல் அந்த முறையை எடுத்துவிட்டு, முதல் பக்கத்தில் வர இவ்வளவு ஆகலாம் என்ற உத்தேசத் தொகையை மட்டும் காட்ட ஆரம்பித்தார்கள்.

குறைந்தபட்சத் தொகை ஒழிந்தது என்று பலரும் நினைத்தார்கள். ஒழியவில்லை, உள்ளே போய்விட்டது. இன்றும் ஒவ்வொரு தேடலின்போதும் ஒரு வாசல் அளவு கணக்கிடப்படுகிறது. விளம்பரத்தின் தரம், தேடுகிறவரின் இடம், கையில் இருக்கும் கருவி, தேடிய சொல்லின் தன்மை எல்லாம் அதில் சேரும். அதைத் தாண்டினால்தான் விளம்பரம் வரும். அந்த அளவு நமக்குக் காட்டப்படுவதில்லை.

பெரிய கம்பெனிகளுக்கு இது பெரிய விஷயமில்லை. காப்பீடு, வீட்டுக்கடன் போன்ற சொற்களுக்குப் பத்துப் பேர் மோதுகிறார்கள். எதிராளி கேட்ட தொகைதான் விலையை ஏற்றும். என் மாதிரி ஆட்களுக்குக் கதை வேறு. 'சப்மெர்சிபிள் இம்பெல்லர் பொள்ளாச்சி' என்று தேடினால் ஏலத்தில் நான் மட்டுமே இருக்கலாம். மஞ்சள் மண்டியில் எதிராளி இல்லாவிட்டால் சரக்கு மலிவாகப் போகும். இங்கே அப்படியில்லை. எதிராளி இல்லாதபோது நான் கட்டுவது அந்த வாசல் தொகையைத்தான். அதாவது, ஊருக்குள் ஒற்றை ஆளாக விளம்பரம் கொடுக்கிற கடைக்காரருக்குக் குறைந்தபட்சத் தொகைதான் விலையே. அதை மறைப்பது விலைப்பட்டியலை மறைப்பதுதான்.

இது வெறும் சந்தேகமும் இல்லை. கூகுள் மீது அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கின் விசாரணையில், அப்போது கூகுளின் விளம்பரப் பிரிவில் மூத்த அதிகாரியாக இருந்த ஜெர்ரி டிஷ்லர் 2023-ல், விளம்பரதாரர்களுக்குச் சொல்லாமலே விலையை 5 சதவீதம், சில சமயம் 10 சதவீதம் வரைகூட ஏற்றியதுண்டு என்று சாட்சி சொன்னார். 2024 ஆகஸ்டில் அதே வழக்கில் நீதிபதி அமித் மேத்தா, தேடல் எழுத்து விளம்பரச் சந்தையிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார்.

இனி வரப்போவது இன்னும் மோசம் என்றுதான் படுகிறது. 2020 செப்டம்பரிலிருந்து, எந்தச் சொல்லைத் தேடியபோது நம் விளம்பரம் வந்தது என்று காட்டும் கூகுள் ரிப்போர்ட்டில், குறைவான பேர் தேடிய சொற்கள் வருவதில்லை. சின்ன ஊர்த் தேடல்கள்தான் அதில் முதலில் அடிபடும். 2021-ல் வந்த பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் என்ற கூகுளின் தானியங்கி விளம்பர முறையில் கீவேர்டுக்கு நாம் தொகை போடுவதே கிடையாது. இப்போது தேடலுக்கு மேலேயே ஏஐ பதில் வந்து நிற்கிறது. கிளிக் குறைந்தால், மிச்சமிருக்கும் கிளிக்கிலேயே வருமானத்தை எடுக்கத்தான் எந்த நிறுவனமும் பார்க்கும். அதற்குத் தோதான இடம், யாருக்கும் தெரியாத அந்த வாசல்தான்.

2005 முறை அநியாயமாகவே இருந்திருக்கலாம். ஆனால் தொகை திரையில் இருந்தது. கட்டுப்படியாகுமா என்று பேப்பரில் போட்டுப் பார்த்து, வேண்டாம் என்று விடலாம். அந்த உரிமையைத்தான் நான் கேட்கிறேன்.

நண்பருக்கு என்ன சொன்னேன் என்றால், இப்போதைக்குச் சேர வேண்டாம் என்று. நான் விடப்போவதில்லை; எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. அவருக்கு அந்தக் கட்டாயம் இன்னும் வரவில்லை. அப்படியும் சேருவதென்றால் மேனுவல் பிட்டில் (தொகையை நாமே போடுவது), எக்ஸாக்ட் மேட்ச்சில் (அதே பொருளில் தேடினால் மட்டும் விளம்பரம் வருவது), நாலைந்து சொற்களோடு தொடங்கச் சொல்லியிருக்கிறேன். தொகையை ஒரு ரூபாய் ஒரு ரூபாயாக இறக்கிக்கொண்டே வரட்டும். விளம்பரம் எந்தத் தொகையில் காணாமல் போகிறதோ, அதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். அவர் கேட்ட குறைந்தபட்சத் தொகை கிட்டத்தட்ட அதுதான். அடுத்த மாதமும் அதுவே இருக்கும் என்று மட்டும் நம்பிவிட வேண்டாம்.