தச்சுக் கொட்டகைக்கு இரட்டைக் கதவும் கணப்பு அடுப்பும்: ஒரு குளிர்காலப் பயன்பாட்டுக்குப் பின்

வீட்டுத் தோட்டத்தில் உள்ள மரக் கொட்டகையைக் குளிர்காலத்திலும் வேலை செய்யக்கூடிய தச்சுப் பட்டறையாக மாற்றுவதற்காக, ஆயத்தமாக விற்கப்படும் இரட்டைப் பலகைக் கதவு ஒன்றையும், 5 கிலோவாட் வெப்பத்திறன் கொண்ட எஃகுத் தகட்டுக் கணப்பு அடுப்பு ஒன்றையும் வாங்கிப் பொருத்தினேன். கதவை எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். அடுப்பை நிபந்தனைகளோடுதான் பரிந்துரைக்க முடியும். ஆனால் இரண்டையும் தனித்தனியாக மதிப்பிடுவது சரியாகாது. அடுப்பு தரும் வெப்பம் உள்ளே தங்குவதும் எரிவதற்கான காற்று உள்ளே வருவதும் கதவின் இறுக்கத்தைப் பொறுத்தவை.

கதவு இரண்டும் திறந்தால் 1.8 மீட்டர் வழி கிடைக்கிறது. 2440 × 1220 மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகையைச் சாய்க்காமல், நிலையில் இடிக்காமல் நேராக உள்ளே கொண்டுவர இந்த அகலம் போதும். முடித்த அலமாரியை வெளியே எடுப்பதற்கும் இதுவே வசதி. பின்புறம் மூன்று குறுக்குச் சட்டங்களும் அவற்றுக்கிடையே சாய்வுச் சட்டங்களும் உள்ளன. சாய்வுச் சட்டம் கீல் பக்கத்துக் கீழ் மூலையில் தொடங்கித் தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலையை நோக்கி ஏற வேண்டும் என்பது தச்சர்கள் அறிந்த விதி. அப்போதுதான் கதவின் எடை சட்டத்தை அழுத்தியபடி கீழ்க் கீலில் இறங்கும். திசை மாறினால் அதே சட்டம் இழுவையில் நிற்கும், மூட்டுகள் தளரும், கதவு நாளடைவில் தொங்கும். விலை குறைந்த ஆயத்தக் கதவுகளில் பிழைபடும் இந்த இடம் இங்கே சரியாகவே செய்யப்பட்டிருக்கிறது.

பலகைகளை நாக்கும் காடியுமாக, அதாவது ஒன்றின் விளிம்பு நீட்சி அடுத்ததன் பள்ளத்தில் பொருந்தும்படி, இணைத்திருப்பவர்கள் அந்த இணைப்புகளில் பசை இடவில்லை என்பதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மரம் ஈரப்பதத்துக்கேற்ப இழையின் குறுக்கே விரிந்து சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. உள்ளே அடுப்பின் உலர்ந்த வெப்பம், வெளியே மழை என்று இரு பக்கமும் வேறுபட்ட நிலையைத் தாங்கவேண்டிய கதவில் பலகைகளை இறுக்கி ஒட்டியிருந்தால் அவை பிளந்தோ வளைந்தோ போயிருக்கும். ஒரே குறை, பலகைகளின் அடிமுனைகளில் ஆலைப் பூச்சு சரியாக ஏறவில்லை. பலகையின் வெட்டுமுனையில் தெரியும் இழைமுனை வழியாகத்தான் நீர் மிக விரைவாக உறிஞ்சப்படும் என்பதால், மாட்டுவதற்கு முன்பே அங்கே இரண்டு மூன்று பூச்சு கொடுத்துவிட வேண்டும்.

இனி அடுப்பு. எஃகுத் தகடு வார்ப்பிரும்பைவிட விரைவில் சூடேறுகிறது; மாலையில் சிறிது நேரமே வேலை செய்பவருக்கு அதுவே பொருத்தம். மரத்தை ஒட்டும் வெள்ளைப் பசைகள் பலவும் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாகப் பிடிப்பதில்லை. இந்த அடுப்பு வந்தபின் அந்தக் கவலை தீர்ந்தது. ஆனால் சிறிய கொட்டகைக்கு 5 கிலோவாட் அதிகம். வெப்பம் தாங்காமல் காற்றுத் திறப்பை மூடி நெருப்பை அடக்கினால் விறகு முழுமையாக எரியாமல் புகைந்து, புகைபோக்கிக்குள் எளிதில் தீப்பற்றும் கரிப்பிசின் படிகிறது. சிறிய அடுப்பை நன்றாக எரியவிடுவதே மேல். இதே வகையில் சிறிய அளவு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

அடுப்போடு தரப்படும் புகைக்குழாய்த் தொகுப்புதான் எனக்கு ஏமாற்றம் அளித்தது. முழுவதும் ஒற்றைச் சுவர்க் குழாய். அத்தகைய குழாய்க்கும் எரியக்கூடிய பொருளுக்கும் இடையே குழாயின் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு, அதாவது 150 மில்லிமீட்டர் குழாய்க்கு 450 மில்லிமீட்டர், இடைவெளி விடுவது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. மரக்கூரையைத் துளைத்துச் செல்லும் இடத்தில் அது நடக்காது. அங்கே வெப்பக்காப்புள்ள இரட்டைச் சுவர்க் குழாயும் அதற்குரிய கூரைத் தட்டும் கட்டாயம் தேவை. இவற்றைத் தனியாக வாங்கவேண்டியிருக்கும் என்பதைத் தயாரிப்பாளர் முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

தச்சுப் பட்டறையில் எரிபொருளுக்குப் பஞ்சமில்லை என்று தோன்றும். எனினும் ப்ளைவுட், எம்டிஎஃப் (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை), வண்ணம் பூசிய அல்லது பூச்சிமருந்து ஏற்றிய மரம் எதையும் இதில் இடக்கூடாது. அவற்றின் பிசினும் வேதிப்பொருள்களும் நச்சுப்புகையாகும். சுத்தமான துண்டு மரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகவே இடுங்கள், ஏனெனில் நன்கு உலர்ந்த மெல்லிய துண்டுகள் ஒரேயடியாகப் பற்றி அடுப்பை அளவுமீறிச் சூடாக்கும். காற்றில் மிதக்கும் நுண்ணிய மரத்தூளும் மெருகெண்ணெய்களின் ஆவியும் தீப்பற்றக்கூடியவை. உப்புத்தாள் தேய்ப்பதையும் மெருகு பூசுவதையும் நெருப்பில்லாத நேரத்துக்கு ஒதுக்கிவைக்கிறேன்.

கதவு இறுக்கமாகப் பொருந்தியபின் அடுப்பு எரியக் காற்று போதவில்லை. ஆகவே சுவரின் அடியில் மூடமுடியாத காற்றுவழி ஒன்று அமைத்து, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியையும் மாட்டினேன். அடுப்புக் கதவின் விளிம்பில் இடைவெளியை அடைக்கும் கண்ணாடியிழைக் கயிறு தேயும் பொருள் என்பதால், அதன் மாற்றுக் கயிறு தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து அடுப்புக் கதவை மூடி, காகிதத்தை இழுத்துப் பாருங்கள். தடையின்றி வெளியே வந்தால் கயிற்றை மாற்றவேண்டும்.