உயர்தரத்துக்கு எங்கே விடுவது: கிளிநொச்சியிலா, யாழ்ப்பாணத்திலா?

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு கிளிநொச்சி வீடுகளில் ஒரு பேச்சுத் தொடங்கும். பிள்ளைக்கு ஒன்பது ஏ வந்திருந்தால் பேச்சு இன்னும் சூடாகும்: பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்தரப் படிப்புக்கு யாழ்ப்பாணம் அனுப்புவதா, இங்கேயே வைத்திருப்பதா? என் அக்காவின் மகளுக்காக நாங்களும் இரண்டு கிழமை மண்டையைப் போட்டு உடைத்தோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இலங்கைப் பல்கலைக்கழகங்களின் பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையில் போகும். 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரியும். மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் அந்த 16க்குள் இருக்கின்றன. ஆகவே நாங்கள் பார்க்க வேண்டியது அந்த 55ஐத்தான்.

2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் 583,882 பேர், கிளிநொச்சியில் 113,510 பேர். மாவட்டப் பங்கில் 1,000 இடம் என்று வைத்தால் யாழ்ப்பாணத்துக்கு 28, 29 வரும். கிளிநொச்சிக்கு ஐந்தோ ஆறோதான். யாழ்ப்பாணம்தான் வசதி போலத் தெரியும். ஆனால் அந்த 28க்கு நகரத்துப் பெரிய பள்ளிக்கூடங்களின் கெட்டிக்காரர் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். மருத்துவம், பொறியியல் என்று வந்தால் யாழ்ப்பாண வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கும் கடைசிப் பிள்ளையின் புள்ளி, பெரும்பாலும் எங்களுடையதை விட உயரத்தில்தான் நிற்கும். இங்கே இடம் கிடைக்கும் இசட் புள்ளிக்கு (பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணிக்கும் உயர்தரப் புள்ளி) அங்கே கிடைக்காமல் போகலாம்.

மாவட்டத்தைத் தீர்மானிப்பது பிறந்த ஊர் இல்லை, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் படித்த பள்ளிக்கூடம். இது பல பெற்றோருக்குப் பிந்தித்தான் தெரியவருகிறது. இடையில் பள்ளிக்கூடம் மாறும் பிள்ளைகளுக்கு விதி எப்படி என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை வாசித்துவிட்டு விடுகைப் பத்திரத்துக்குப் போங்கள்.

சரி, அப்படியானால் கிளிநொச்சியே போதுமா? அப்படியும் சொல்ல மனம் வரவில்லை. அக்கா மகளின் பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனபின் ஒரு தவணை முழுக்க அந்தப் பாடம் நடக்கவில்லை. ஆளே இல்லாத பாடத்துக்கு வெட்டுப்புள்ளி குறைந்து என்ன பயன்? யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர், ஆய்வுகூடம், பின்னேரம் ரியூசன் எல்லாம் உண்டு. அகில இலங்கை வரிசையிலேயே வரக்கூடிய பிள்ளைக்கு மாவட்டம் ஒரு பொருட்டே இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையை யோசிக்காமல் அனுப்பலாம். நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் பிள்ளைக்குத்தான் ஆபத்து: அங்கே போனால் புள்ளி கூடும், ஆனால் தாண்ட வேண்டிய கோடும் கூடும். விரும்பும் கற்கைநெறிக்கு இரண்டு மாவட்டங்களின் கடைசி நாலைந்து வருட வெட்டுப்புள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரே வருடத்தை நம்பவேண்டாம். ஐந்தாறு இடம் உள்ள மாவட்டத்தில் இரண்டு பிள்ளைகள் கூடுதல் புள்ளி எடுத்தாலே கோடு எங்கேயோ போய்விடும்.

அதனால்தான் வெளி மாவட்டத்தில் படித்துக்கொண்டு இங்கே பெயரை மட்டும் பதிந்து வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்தில் ஒன்று போவது கிளிநொச்சியின் கரைச்சிப் பகுதிப் பிள்ளை ஒன்றின் டாக்டர் கோட்டு போவது. மாவட்டப் பங்கு 1974இல் வந்தபோது கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு ஒன்றாகத்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1984இல். அதற்குப் பிறகுதான் எங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு வரிசையே வந்தது.

நாங்கள் கடைசியில் மூன்றாவது வழியை எடுத்தோம். பள்ளிக்கூடம் இங்கே, ரியூசன் சனி ஞாயிறு யாழ்ப்பாணத்தில். விடிய நாலரைக்கு அக்கா புட்டைக் கட்டிக் கொடுப்பாள், நான் ஏ9 வீதியில் பஸ் ஏற்றிவிடுவேன். பௌதிகவியலுக்கு மட்டும் நாலு வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு பல்கலைக்கழக மாணவனைப் பிடித்திருக்கிறோம். புதன் பின்னேரம் எங்கள் விறாந்தையில் வகுப்பு.